மூன்றாகக் கிழிக்கப்பட்ட ஒரு கேள்வி

அனுப்புநர்
திருமதி கன்செப்டா ரஃப்டரி,
மீன்துறைக் குடியிருப்பு,
கில்லாவரி.

பெறுநர்
மதிப்பிற்குரிய அவைத் தலைவர் அவர்கள்,
நாடாளுமன்றம்,
டப்ளின்.

பொருள்: எதிர்க்கட்சி உறுப்பினர் திரு. மலக்கி கெராட்டி அவர்கள் என் மகள் டெர்வ்லா ரஃப்டரியின் மரணம் பற்றிக் கொடுத்த கேள்வியைத் தங்கள் அலுவலகம் திருப்பி அனுப்பியது தொடர்பாக. வரும் செவ்வாய்க்கிழமையே அதை அவையில் கேட்க அனுமதி வேண்டி.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் கில்லாவரியில் மீன் பதனிடும் ஆலையில் வேலை செய்கிறேன். அம்மா படுக்கையில் விழுந்தபோது பதின்மூன்று வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவள். ஊரில் என்னைக் கான்னி என்றுதான் கூப்பிடுவார்கள். இதுபோல ஒரு மனுவை இதற்கு முன் எழுதியதில்லை. வார்த்தைகளில் தவறு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சொல்லப்படும் சங்கதியில் தவறு இல்லை.

2. டெர்வ்லா எனக்கு ஒரே மகள். பல்பொருள் அங்காடியில் ரொட்டி சுடும் பகுதியில் இருந்தாள். உள்ளாட்சிக் கவுன்சில் குறைந்த வாடகைக்குத் தரும் வீட்டுக்கு மனுப் போட்டு வருடக்கணக்காகக் காத்திருந்தாள். என் வீட்டில் இருப்பது ஒரே படுக்கையறை. அதனால் துறைமுக வீதியில், தனித்தனி அறைகளாகத் தடுத்து வாடகைக்கு விட்ட ஒரு பழைய வீட்டின் மாடிக்குப் போனாள். மாடியில் இரண்டு அறை, நடுவில் ஒரு சமையலறை, அதை ஒட்டிக் குளியலறை, அந்தச் சமையலறைச் சுவரில் வெந்நீருக்கும் வீட்டுச் சூட்டுக்குமான எரிவாயு பாய்லர். எதிர் அறையில் மாக்வாலா லோமிட்சே என்ற ஜார்ஜிய நாட்டுப் பெண்மணி இருந்தார். முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலை. என் வயதுதான் இருக்கும். அடைக்கலம் கேட்டு வந்தவர். என் மகளை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, "கோகோ" என்பார். அவர்கள் மொழியில் பெண்ணே என்று அர்த்தமாம். சீஸ் வைத்து ரொட்டி சுட்டு அவளுக்குப் பாதி வைத்துவிடுவார். ரொட்டி சுடுகிறவளுக்கே ரொட்டியா என்று டெர்வ்லா என்னிடம் சொல்லிச் சிரிப்பாள், ஆனால் மிச்சம் வைக்க மாட்டாள்.

3. சென்ற அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் டெர்வ்லா வேலை முடிந்து வந்து குளிக்கப் போனாள். பாய்லரிலிருந்து விஷவாயு கசிந்தது. அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை என்று பிறகு எனக்கு விளக்கினார்கள். மாக்வாலா வேலையிலிருந்து திரும்பியபோது தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டிருக்கிறது. கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார். பிறகு கதவை உடைத்து, அவளைப் போர்வையில் சுற்றிப் படிக்கட்டு வழியாகத் தெருவுக்கு இழுத்து வந்திருக்கிறார். தெருவில் கொஞ்ச நேரத்தில் அவரும் விழுந்துவிட்டார். இருவரையும் ஒரே ஆம்புலன்ஸில்தான் ஏற்றினார்கள். மருத்துவமனையிலிருந்து ஒருவர் வீடு திரும்பினார்.

4. ஐயா, எங்கள் ஊரில் சாவுக்கு வராத அரசியல்வாதிக்கு ஓட்டு இல்லை என்பது தங்களுக்கும் தெரிந்திருக்கும். தாங்களும் தங்கள் தொகுதியில் எத்தனையோ சாவு வீடுகளில் வரிசையில் நின்று கை கொடுத்திருப்பீர்கள். டெர்வ்லாவின் அடக்கத்துக்கு எல்லாக் கட்சிக்காரர்களும் வந்தார்கள். ஆளுங்கட்சி உறுப்பினர் வந்தார். எதிர்க்கட்சியிலிருந்து திரு. கெராட்டி வந்தார். கவுன்சிலர்கள் வந்தார்கள். எல்லோரும் என் கையைப் பிடித்து, உங்க கஷ்டத்துல எங்களுக்கும் வருத்தம் என்று ஒரே வாக்கியத்தைச் சொல்லிவிட்டு நகர்ந்தார்கள். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லைதான்.

அதே வரிசையில் அந்த வீட்டை வாடகைக்கு விடும் ஏஜென்ட் திரு. கில்மார்ட்டினும் வந்தார். மற்றவர்களைவிட அதிக நேரம் என் கையை விடவில்லை. குனிந்து காதருகில் சொன்னார்: "பாய்லர் சரியில்லன்னு அவ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கே ஆள் அனுப்பியிருப்பேனே கான்னி."

நான் தலையாட்டினேன். மகளைப் பெட்டியில் வைத்துவிட்டு நிற்கிறவள் எதற்கும் தலையாட்டுவாள். ஆனால் மாக்வாலா எனக்குப் பின்னால் நின்றிருந்தார். மருத்துவமனையிலிருந்து நேரே வந்தவர், கையில் ஊசி குத்திய இடத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது. அவர் அந்தச் சொல்லைக் கேட்டுவிட்டார்.

எல்லாம் முடிந்து மண்டபத்தில் டீயும் சாண்ட்விச்சும் கொடுத்துக்கொண்டிருந்தபோது என்னைத் தனியாக அழைத்தார். அவருடைய ஆங்கிலம் துண்டு துண்டாகத்தான் வரும். ஆனால் அன்று சொன்னது துண்டாக இல்லை. "அந்த ஆள் பொய் சொல்றார். அவர் வந்தார். நான் முட்டை வேக வச்சிட்டிருந்தேன். கோகோ அவருக்குத் தீ மஞ்சளா எரியறதக் காட்டினா, சுவர்ல கரி படிஞ்சதக் காட்டினா, தலைவலி வருதுன்னு சொன்னா. ஜன்னலக் கொஞ்சம் தொறந்து வையி பொண்ணு, அடுத்த வாரம் ஆள் அனுப்பறேன்னு சொன்னார். கடல் காத்து உள்ள வந்தா கம்பளி நீங்க வாங்கித் தருவீங்களான்னு கோகோ கேட்டா. அவர் சிரிச்சார்."

கம்பளியைப் பற்றிக் கேட்டது என் மகள்தான், ஐயா. அவளைத் தவிர வேறு யாரும் ஏஜென்ட் முகத்தைப் பார்த்து அப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள். மாக்வாலா அதை இட்டுக்கட்டியிருக்க முடியாது.

5. டெர்வ்லா ஏன் எழுத்தில் புகார் கொடுக்கவில்லை என்று யாரும் கேட்கலாம். கேட்கவும் செய்தார்கள். அவளுடைய கணக்கு இதுதான்: எழுதிக் கொடுத்தால் கவுன்சில் ஆட்கள் ஆய்வுக்கு வருவார்கள். வந்தால் வீடு ஆள் குடியிருக்க லாயக்கில்லை என்று பூட்டுவார்கள். பூட்டினால் எல்லோரும் தெருவில். ஊரில் வேறு வாடகை வீடு கிடையாது. ஆகவே வாயால் சொன்னாள். வாயால் சொன்னபோது அங்கே இருந்தவர்கள் மூன்று பேர். ஒருவர் சொன்னவள், அவள் இல்லை. ஒருவர் ஏஜென்ட், அவர் கேட்கவே இல்லை என்கிறார். மூன்றாவது மாக்வாலா.

6. காவலர்கள் மாக்வாலாவிடம் வாக்குமூலம் வாங்கியது உண்மை. மருத்துவமனைப் படுக்கையில், ஆக்சிஜன் முகமூடியை எடுத்து எடுத்து மாட்டிக்கொண்டு, தொலைபேசியில் ஒரு மொழிபெயர்ப்பாளரை வைத்து வாங்கினார்கள். கதவை எப்படி உடைத்தாய், எப்போது உடைத்தாய் என்று கேட்டார்கள். ஏஜென்ட் எப்போதாவது வந்தாரா என்று கேட்கவில்லை. கேட்காததை அவர் சொல்லவில்லை. பிறகு நாங்கள் இருவரும் காவல் நிலையம் போய் இதைச் சொன்னபோது, மரண விசாரணை நடக்கும் அன்று நேரில் வந்து சொல்லட்டும், அதுதான் சரியான இடம் என்றார்கள். விசாரணை அதிகாரியின் அலுவலகமும் அதையே சொன்னது. பாய்லரைச் சோதித்த நிபுணரின் அறிக்கை வராததால் விசாரணைக்கு இன்னும் தேதி குறிக்கவில்லை.

அதற்குள் மாக்வாலாவின் அடைக்கல மனு தள்ளுபடி ஆகி, நாட்டை விட்டு வெளியேற உத்தரவு வந்துவிட்டது. அவர் போன பிறகு அவர் பேரில் ஒரு தாளை வாசித்தால் போதாதா என்று கேட்டேன். இலவசச் சட்ட உதவி மையத்து வழக்கறிஞர் மூடி மறைக்காமல் சொன்னார்: தாளிடம் யாரும் குறுக்குக் கேள்வி கேட்க முடியாது, ஆகவே ஏஜென்ட்டின் வக்கீல் அதை ஒரே வாக்கியத்தில் ஒதுக்கிவிடுவார். அந்த வழக்கறிஞரும் விசாரணை முடியும்வரை உத்தரவை நிறுத்தி வைக்கக் கேட்டுக் குடியேற்றத் துறைக்கு எழுதினார். தங்கள் கடிதம் குறித்துக்கொள்ளப்பட்டது என்று பதில் வந்தது.

7. எங்கள் பக்கத்தில் பிரச்சினை என்று வந்தால் சனிக்கிழமை உறுப்பினரைப் பார்க்கப் போவோம். திரு. கெராட்டி ரயில்வே ஹோட்டலின் பின்னறையில் உட்கார்ந்திருப்பார். இறந்த ஒரு மாதத்தில் வைக்கும் நினைவுப் பூசை முடிந்து, டிசம்பரில் போனேன். வெளியே வரிசையில் இருந்த ஆட்கள், இவர் கட்சி ஆட்சிக்கு வர்ற வரைக்கும் இவருக்குக் கேள்வி கேட்க மட்டும்தான் தெரியும் என்று கிண்டல் செய்தார்கள். அவர் காதில் விழுந்தது. "வேற எதுக்குய்யா என்னை அனுப்பினீங்க, கேள்வி கேட்கத்தானே" என்று உள்ளிருந்தே சொன்னார்.

நான் சொன்னதை முழுவதும் கேட்டார். இடையில் ஒருமுறை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வீட்டைச் சோதிக்காதது யார், சாட்சியை நாடு கடத்துவது யார், விசாரணையைத் தாமதிப்பது யார் என்று ஒரே கேள்வியாக அரசைக் கேட்பேன் என்றார். பிறகு கொஞ்சம் தயங்கினார். அந்தத் தயக்கத்தையும் இங்கே எழுதுவதாக அவரிடமே சொல்லிவிட்டேன். எழுதிக்கொள்ளுங்கள் என்றார். அவர் சொன்னது: "உங்க மக பேர மட்டும் வச்சிக் கேட்டா ஊரே என் பின்னாடி நிக்கும் கான்னி. அந்தம்மா பேரையும் சேர்த்தா பாதிப் பேர் எதிர்ல நிப்பாங்க."

ஆகவே அவர் ஒரு நடுவழி பிடித்தார். டெர்வ்லாவின் பெயரை மேலேயும் மாக்வாலாவின் பெயரைக் கீழேயும் எழுதி, கேள்வியோடு ஒரு தனிச் சீட்டாக இணைத்தார். தங்கள் அவையில் தனி ஆட்களின் பெயரைக் கேள்வியில் போடுவதில்லை, அந்த இடத்தில் "விவரம் தரப்பட்டுள்ளது" என்று அடைப்புக்குறிக்குள் அச்சிடுவது வழக்கம் என்று எனக்கு விளக்கினார். மரியாதைக்காகச் செய்வது என்றார். நானும் நம்பினேன்.

8. ஒரு கேள்வி ஒரு அமைச்சருக்குத்தான் போக முடியும் என்று கேள்வி அலுவலகத்தில் சொல்லிவிட்டார்களாம். ஆகவே அதை மூன்றாகப் பிரித்து நீதி, குடியேற்றம், வீட்டுவசதி என மூன்று பேருக்கு அனுப்பினார்கள். மூன்றோடும் அதே சீட்டின் நகல் போனது. ஜனவரியில் பதில்கள் வந்தன. திரு. கெராட்டி ஆலையின் வாசலுக்கே வந்து, மூணும் வந்துருச்சு என்று சொல்லி உறைகளைப் பிரித்தார். ரப்பர் பூட்ஸோடு நின்று கேட்டேன்.

நீதி அமைச்சர்: மரண விசாரணை அதிகாரி தன்னிச்சையாக இயங்குபவர், அமைச்சருக்கு அதில் பங்கில்லை. சம்பந்தப்பட்டவர் விரும்பினால் விசாரணை அலுவலகத்தை நேரில் அணுகலாம்.

வீட்டுவசதி அமைச்சர்: தனியார் வாடகை வீடுகளை ஆய்வு செய்வது கவுன்சிலின் பொறுப்பு. கவுன்சிலிடம் விசாரித்ததில், சம்பந்தப்பட்டவர் தம் வீட்டு மனுவைப் புதுப்பிக்கக் கேட்டு அனுப்பிய கடிதத்துக்குப் பதில் தராததால் காத்திருப்போர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டிருக்கிறார். அவர் மீண்டும் விண்ணப்பிக்கத் தடையில்லை.

குடியேற்றத்துக்கான அமைச்சர்: விவரம் தரப்பட்டுள்ள நபர் பெயரில் இந்நாட்டில் தங்குவதற்கான அனுமதி எதுவும் பதிவில் காணப்படவில்லை. அப்படிப்பட்டவர்கள் தாமாகவே நாட்டை விட்டுச் செல்லுமாறு அறிவுறுத்தப்படுகிறார்கள்.

மூன்றாவதைப் பாதி வாசித்தபோதே திரு. கெராட்டி தாளை மடிக்கப் பார்த்தார். நான்தான் மீதியை வாசிக்கச் சொன்னேன். சீட்டில் மேலே இருந்த பெயரை மட்டும் பார்த்திருக்கிறார்கள். ஓட்டுக்குப் பயந்து யார் பெயரை மேலே எழுதினாரோ, அந்தப் பெயரைத்தான் தேடியிருக்கிறார்கள்.

ஐயா, என் மகள் இந்த மாவட்ட மருத்துவமனையில் பிறந்தவள். கில்லாவரி கோவிலில் ஞானஸ்நானம் பெற்றவள். அவள் இந்நாட்டில் தங்க யாரிடமும் அனுமதி வாங்கவில்லை என்பது உண்மை. அவள் போய்விட்டாள் என்பதும் உண்மை. அதற்கு யாருடைய அறிவுறுத்தலும் தேவைப்படவில்லை.

இந்த மூன்று பதில்களும் தங்கள் அவையின் ஏட்டில் அச்சாகிவிட்டன. இனி எத்தனை வருடம் ஆனாலும் அங்கே அவள் வீட்டு மனுவைப் புதுப்பிக்கத் தவறியவள், நாட்டை விட்டுப் போக வேண்டியவள். இறந்தவள் என்று மூன்றில் ஒன்றில்கூட இல்லை.

9. இந்த இடத்தில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் மூடிக் கிடந்த வேறொரு ஹோட்டலில் அடைக்கலம் கேட்டு வந்தவர்களைத் தங்க வைக்கப் போவதாகப் பேச்சு வந்தது. வாசலில் கூட்டம் கூடியது. வீடு நம்ம பிள்ளைகளுக்கு என்று எழுதிய அட்டையில் டெர்வ்லாவின் நினைவுப் பூசை அட்டையிலிருந்த படத்தை ஒட்டியிருந்தார்கள். அட்டையைப் பிடித்திருந்தது வெளியாள் இல்லை, என் கணவரின் தம்பி கிறிஸ்டி. என் கணவர் போன பிறகு எனக்கு விறகு கொண்டுவந்து போடுகிறவர். நான் போய்ப் படத்தை உரித்து எடுத்தேன். அவர் எல்லோர் முன்னாலும் கேட்டார்: "நம்ம பொண்ணு மண்ணுக்குள்ள கிடக்கா. அந்த ஊர்பேர் தெரியாதவ இருந்தா என்ன, போனா என்ன அண்ணி?"

நான் சொன்னேன்: "உன் அண்ணன் மக தெருவில கிடந்தப்போ அவ தலையத் தன் மடியில வச்சிருந்தவ அவ. நீ அப்போ எங்க இருந்த?"

கிறிஸ்டி அன்று மேட்ச் பார்க்கப் போயிருந்தார். அது தப்பில்லை. யாருக்கும் தெரியாதுதான். நான் அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம். ஆனால் அவர் அட்டையைக் கீழே வைத்துவிட்டார். இப்போது மாக்வாலா என் வீட்டுச் சோபாவில்தான் படுக்கிறார், துறைமுக வீதி வீட்டைப் பூட்டிவிட்டார்கள். டெர்வ்லா பயந்தது அப்படியே நடந்தது. கிறிஸ்டி விறகு கொண்டு வந்தால் வாசலோடு போகிறார். ஆனால் முன்னைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் போட்டுவிட்டுப் போகிறார்.

10. இந்த மாதம் திரு. கெராட்டி கேள்வியை மறுபடி எழுதினார். இம்முறை மாக்வாலாவின் பெயரைத் தனியாக, சாட்சி என்று குறித்து எழுதினார். கட்சியில் சிலர் வேண்டாம் என்றார்களாம். "போனா போகட்டும், அந்தப் பாதிப் பேர் என் சாவுக்காவது வருவாங்க" என்று என்னிடம் சொன்னார். சிரித்துக்கொண்டு சொன்னார். தலைமை அமைச்சருக்கு ஒரே கேள்வியாகக் கொடுத்தார். கேள்வி இதுதான்: டெர்வ்லா ரஃப்டரி எப்படி இறந்தாள் என்பதற்குச் சாட்சி சொல்லக்கூடிய ஒரே ஆளை, அந்த விசாரணை முடியும்வரை இந்நாட்டில் இருக்க அரசு அனுமதிக்குமா?

தங்கள் அலுவலகம் அதைத் திருப்பி அனுப்பியது. இன்று காலை ஹோட்டல் பின்னறையில் அந்தக் கடிதத்தைக் காட்டினார். மூன்று காரணம் சொல்லியிருக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் எனக்குத் தெரிந்த வரையில் பதில் சொல்கிறேன்.

முதலாவது, இதே கேள்விக்குச் சமீபத்தில் பதில் தரப்பட்டுவிட்டது, குறிப்பிட்ட காலத்துக்குள் மீண்டும் கேட்க விதியில்லை என்கிறார்கள். விதி நல்லதற்குத்தான் இருக்கும். ஒருவரே ஒன்றையே தினமும் கேட்டுக்கொண்டிருந்தால் அவை நடக்காது. ஆனால் பதில் சொன்னவர்கள் வேறு ஒருத்தியைப் பற்றிச் சொன்னார்கள், அதுவும் செத்துப்போனவளைப் பற்றி. மாக்வாலா இருக்கலாமா என்ற கேள்விக்கு இன்றுவரை யாரும் பதில் சொல்லவில்லை. பதிலே வராததை இரண்டாம் முறை என்று எப்படிச் சொல்வது?

இரண்டாவது, மரண விசாரணை நிலுவையில் இருப்பதால் அவையில் பேசக் கூடாது என்கிறார்கள். விசாரணையைப் பற்றி நாங்கள் ஒரு தீர்ப்பும் கேட்கவில்லை. ஏஜென்ட் குற்றவாளி என்று சொல்லுங்கள் என்றும் கேட்கவில்லை. அதை விசாரணை அதிகாரி பார்த்துக்கொள்வார். விசாரணை நடக்கும்போது அங்கே பேச வேண்டியவர் நாட்டில் இருக்க வேண்டும் என்று மட்டும் கேட்கிறோம். விசாரணை இருப்பதால் கேட்கக் கூடாது, கேட்காவிட்டால் விசாரணையில் சொல்ல ஆள் இல்லை. இந்த முடிச்சை அவிழ்க்க எனக்குத் தெரியவில்லை. தங்களுக்குத் தெரியும் என்று நம்புகிறேன்.

மூன்றாவது, கேள்வி ஒன்றுக்கு மேற்பட்ட அமைச்சர்களின் பொறுப்பில் வருகிறது என்கிறார்கள். அமைச்சர்கள் மூன்று பேராக இருக்கலாம். எனக்கு மகள் ஒருத்திதான். அவள் ஒரு அமைச்சரின் வீட்டில் குடியிருந்து, இன்னொரு அமைச்சரின் விசாரணைக்காகச் செத்து, மூன்றாவது அமைச்சரின் ஆளுடைய மடியில் கிடந்தாள் என்று பிரித்துப் பார்க்க என்னால் முடியாது.

11. வரும் வியாழக்கிழமை மாக்வாலா குடியேற்ற அலுவலகத்தில் ஆஜராக வேண்டும். ஒரு பையோடு வரச் சொல்லியிருக்கிறார்கள். பையோடு வரச் சொன்னால் என்ன அர்த்தம் என்று எங்கள் ஊரில் இப்போது எல்லோருக்கும் தெரியும். போகாமல் ஒளிந்துகொள்ளலாம் என்று ஆலையில் சிலர் யோசனை சொன்னார்கள், இடம்கூடத் தருகிறோம் என்றார்கள். அவர் மறுத்துவிட்டார். ஒளிந்து கிடந்தவள் சொல்வதை எந்த விசாரணையில் நம்புவார்கள் என்று கேட்டார். ஆகவே போவார். பையை எடுத்து வைத்துவிட்டார், அது என் கூடத்தில் இருக்கிறது. நேற்று டீ போட்டுக்கொண்டிருந்தபோது சொன்னார்: "எனக்கு இங்கேயே இருக்கணும்னு இல்ல கான்னி. அனுப்பினா போறேன். கோகோவுக்கு நடந்தத சொல்லிட்டுப் போறேன். அதச் சொல்லாம எப்படிப் போவேன்?"

அவர் இந்நாட்டில் இருக்கத் தகுதி உள்ளவரா இல்லையா என்று எனக்குத் தெரியாது. அதை முடிவு செய்ய ஆட்கள் இருக்கிறார்கள். அவர் ஒரு நாள் ஒரு அறையில் உட்கார்ந்து, தாம் முட்டை வேக வைத்த மதியம் என்ன கேட்டார் என்று சொல்லும்வரை அனுப்பாதீர்கள் என்பதே என் கோரிக்கை. திரு. கில்மார்ட்டினும் அதே அறையில் இருக்கட்டும். அவருடைய வக்கீல் எத்தனை குறுக்குக் கேள்வி வேண்டுமானாலும் கேட்கட்டும். மாக்வாலா சொல்வது பொய்யானால் அங்கேயே தெரிந்துவிடும். அதற்காகத்தானே விசாரணை.

12. ஆகவே தங்களைப் பணிந்து கேட்டுக்கொள்வது:

திரு. கெராட்டியின் கேள்வியை ஒரே கேள்வியாக வரும் செவ்வாய்க்கிழமை அவையில் வாய்மொழியாகக் கேட்க அனுமதி தர வேண்டும். அடுத்த வாரம் பார்க்கலாம் என்றால் அது வியாழனைத் தாண்டிவிடும், பிறகு கேட்டுப் பயனில்லை.

முந்தைய மூன்று பதில்களும் இறந்தவளை உயிரோடிருப்பவளாக வைத்துச் சொன்னவை, குடியேற்றப் பதில் தவறான ஆளைப் பற்றியது என்று அவை ஏட்டில் திருத்தம் போட வேண்டும்.

என் மகள் இருக்கும் இடத்தில் "விவரம் தரப்பட்டுள்ளது" என்று இனி அச்சிட வேண்டாம். மரியாதைக்காகச் செய்வது என்று தெரியும். பெற்றவள் நானே அந்த மரியாதை வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கிறேன். அவள் பெயர் டெர்வ்லா ரஃப்டரி. சாட்சியின் பெயர் மாக்வாலா லோமிட்சே. அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன், பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துக்கூட்டிச் சொன்னவர் அவரே.

தங்களைத் தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறேன். எல்லாக் கட்சியும் சேர்ந்து கத்தும்போது மணி அடித்து, உறுப்பினர் கேட்டு முடிக்கட்டும் என்பீர்கள். அந்த வார்த்தையை நம்பித்தான் அமைச்சர்களுக்கு எழுதாமல் தங்களுக்கு எழுதுகிறேன்.

இந்த மனுவைத் தபாலில் போட்டால் நேரத்துக்குச் சேராது. திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் வந்து வாசலில் கொடுப்பேன். கிறிஸ்டி பஸ் நிலையம் வரை கொண்டுவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறார். இரவு தங்கை வீட்டில் தங்கிவிட்டுச் செவ்வாய்க்கிழமை பார்வையாளர் மாடத்துக்கு வருவேன். அனுமதிச் சீட்டுக்குத் திரு. கெராட்டி ஏற்பாடு செய்திருக்கிறார், இரண்டு சீட்டு. மாக்வாலாவும் வருவார். மாடத்தில் இருப்பவர்கள் பேசக் கூடாது, கை தட்டக் கூடாது, அழுதால்கூட வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று சொன்னார்கள். நாங்கள் இருவரும் அப்படி எதுவும் செய்ய மாட்டோம். என் மகளின் பெயரை அந்த அவையில் ஒருவர் உரக்கச் சொல்லி, அவள் எப்படிச் செத்தாள் என்று சொல்லத் தெரிந்தவரை இருக்க விடுவீர்களா என்று கேட்கும்போது, பதில் சொல்கிறவர் எழுந்து மேலே பார்த்தால் அவர் கண்ணுக்கு நேரே இருக்கும்படி முன் வரிசையில் உட்கார்ந்திருப்போம். அவ்வளவுதான்.

இப்படிக்கு,
தங்கள் அனுமதிக்குக் காத்திருக்கும்,

கன்செப்டா ரஃப்டரி
(டெர்வ்லாவின் தாய்)

இடம்: கில்லாவரி
நாள்: பிப்ரவரி 22, சனிக்கிழமை

நகல்: திரு. மலக்கி கெராட்டி அவர்கள், எதிர்க்கட்சி உறுப்பினர், ரயில்வே ஹோட்டல் பின்னறை, கில்லாவரி.